இது ஆர்ர வண்டி? – பூட்டு, இலக்கத் தகடு, ட்ரக்கர்: ஒரு குட்டி வரலாறு

கெம்பஸ் கேட்டுக்கு எதிரே ஓட்டோ நிப்பாட்டுற காக்கா ஒருவர் இருக்கிறார். ஒரு மழை நாள், ஹயர் ஒண்டும் இல்லாம பிளேன்டி குடிச்சிக்கிட்டு இருக்கும்போது போனை எடுத்துக் காட்டினார். மேப்பில ஒலுவில், அதில ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. "இதான் நம்மட ஓட்டோ. இப்ப ஒரு மெசேஜ் போட்டா எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது" எண்டார். பிறகு சீட்டை லேசாத் தூக்கி, வயர்களுக்குள்ள ஒளிச்சு வச்ச ஒரு சுவிட்சையும் காட்டினார். அதை அணைச்சு விட்டா, சாவி கையில இருந்தாலும் வண்டி கிளம்பாது. "இது வாப்பா காலத்துப் புத்தி, மற்றது இந்தக் காலத்துப் புத்தி" எண்டு சிரிச்சவர், கடைசியில ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, நீங்க ஹிஸ்டரிதானே படிக்கிறீங்க? இதுக்கெல்லாம் ஹிஸ்டரி இருக்கா?"

இருக்கு. தேடிப் பார்க்கப் பார்க்க அது கள்ளன்ட வரலாறு மட்டும் இல்லை எண்டும் விளங்கிச்சு.

எங்கட ஊர்களில முந்தி ட்ரக்கர் தேவைப்படவில்லை. சந்தியில புதுசா ஒரு வண்டி நிண்டா நாலு பேர் எட்டிப் பார்த்து "இது ஆர்ர வண்டி?" எண்டு கேட்டிடுவாங்க. பதிலும் அந்த இடத்திலேயே கிடைச்சிடும். இன்னாரின் மருமகன், அக்கரைப்பற்றில இருந்து வந்திருக்கார், பின்னேரம் போயிடுவார். சைக்கிளுக்கும் அந்தக் காலத்தில உள்ளூராட்சி சபையின் லைசன்ஸ் தகடு உண்டு எண்டு பெரியவங்க சொல்றாங்க. வண்டியைத் தெரிஞ்ச ஊர்தான் வண்டிக்குப் பூட்டு. இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியின் பின்னால போகப் போகுது. வண்டி ஆருடையது எண்டு சொல்ற உரிமை காலத்துக்குக் காலம் ஆரின் கையில இருந்தது?

சாவியும் ஸ்டியரிங் பூட்டும்

ஆரம்பகாலக் கார்களைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். 1912இல் கடிலாக் காரில் சார்ள்ஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. கார் ஓட்டுவது இலேசானது, களவெடுப்பதும் இலேசானது. 1919இலேயே அமெரிக்கா, களவெடுத்த காரை ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவதைக் குற்றமாக்கி நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் போட வேண்டி வந்தது. சாவியைத் திருப்பினாலே எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற முறையைக் கிறைஸ்லர் கம்பனி 1949இல் கொண்டு வந்தது. ஆனால் அந்தச் சாவி செய்த வேலை இரண்டு வயரைச் சேர்த்து விடுவது மட்டும்தான். அதைச் சாவி இல்லாமலும் செய்யலாம் எண்டு உலகத்தில் உள்ள எல்லாக் கள்ளருக்கும் தெரியும்.

அடுத்து வந்தது ஸ்டியரிங் பூட்டு. இந்த இடத்தில் வரலாறு ஒரு நல்ல பாடம் வைத்திருக்கிறது. மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில் புதுக் கார், பழைய கார் எல்லாவற்றுக்கும் ஸ்டியரிங் பூட்டு கட்டாயம் எண்டு சொன்னது. பிரித்தானியா 1971இல் புதுக் கார்களுக்கு மட்டும் சொன்னது. ஜெர்மனியில் கார்க் களவு மொத்தமாகவே இறங்கியது. பிரித்தானியாவில் பூட்டுப் போட்ட புதுக் கார்களை விட்டுவிட்டுக் கள்ளர் பழைய கார்களின் பக்கம் திரும்பினார்கள். 1976இல் பிரித்தானிய உள்துறை அமைச்சின் ஆய்வாளர்கள் இதை எழுதி வைத்தார்கள்.

சுருக்கமாச் சொன்னா, கண்ணுக்குத் தெரியிற பூட்டை ஒரு வீடு மட்டும் போட்டா கள்ளன் திருந்துறதில்லை, அடுத்த வீட்டுக்குப் போறான். அடுத்த வீட்டுக்காரன் பெரும்பாலும் பழைய வண்டி வச்சிருக்கிற ஏழை.

சாவிக்குள்ள ஒரு சிப்

இம்மொபிலைசர் எண்டது 1990களின் சரக்கு. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிறு சிப் இருக்கும். அதுக்குப் பற்றரி கிடையாது. சாவியைப் போட்டதும், சாவித் துவாரத்தைச் சுற்றி இருக்கிற கம்பிச் சுருளின் காந்தப் புலத்தில் இருந்து சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு ஒரு இரகசிய இலக்கத்தைச் சொல்லும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கொம்பியூட்டர் அந்த இலக்கத்தை ஏற்றுக்கொண்டால்தான் பெட்ரோலும் தீப்பொறியும் வரும். சாவியை அப்படியே வெட்டி எடுத்தாலும், வயரைச் சேர்த்தாலும் பலன் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 ஒக்டோபரில் இருந்து புதுக் கார்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயம். அவுஸ்திரேலியாவில் 2001, கனடாவில் 2007. யான் வான் ஊர்ஸ், பென் வொலார்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் நெதர்லாந்தின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 1995க்கும் 2008க்கும் இடையில் இம்மொபிலைசரால் மட்டும் கார்க் களவு சராசரியாக 40 வீதம் குறைந்திருக்கிறது. கூடவே அதே பழைய கதையும். சிப் இல்லாத பழைய கார்களுக்குக் கொஞ்சக் கள்ளர் இடம்மாறி இருக்கிறார்கள்.

சட்டம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் எண்டதுக்கு அமெரிக்கா நல்ல உதாரணம். அங்கே இம்மொபிலைசர் கட்டாயம் இல்லை. கியா, ஹூண்டாய் கம்பனிகள் அமெரிக்காவில் விற்ற விலை குறைந்த மொடல்கள் பலவற்றில் அதைப் போடவில்லை. 2022இல் அந்தக் கார்களை யூஎஸ்பி வயர் ஒன்றால் கிளப்புகிற வீடியோக்கள் டிக்டொக்கில் பரவின. பொடியன்மார் நகரம் நகரமாக் கார் எடுக்கத் தொடங்கினார்கள். விபத்துகளும் மரணங்களும் நடந்தன. பக்கத்து நாடான கனடாவில் அதே கம்பனிகளின் கார்கள் சிப்போடு ஓடியதால் அங்கே இந்தப் பிரச்சினை வரவில்லை.

ஒளிச்சு வைக்கிற பெட்டி

இம்மொபிலைசர் வண்டியை நிப்பாட்டும். வண்டி எங்கே எண்டு சொல்லாது. அந்த வேலைக்கு அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் 1986இல் லோஜெக் வந்தது. காருக்குள் எங்கோ ஒளித்து வைத்த ஒரு ரேடியோப் பெட்டி அது. கார் காணாமல் போனதும் பொலிஸ் அதை இயக்கும், பொலிஸ் வாகனங்கள் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு தேடிப் போகும். காருக்கு வெளியே ஸ்டிக்கர் கிடையாது. எந்தக் காரில் பெட்டி இருக்குது எண்டு கள்ளனுக்குத் தெரியாது.

இயன் அயர்ஸ், ஸ்டீவன் லெவிட் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இந்த "தெரியாது" எண்ட சொல்லில்தான் நிற்கிறது. எந்தக் காரில் பெட்டி எண்டு தெரியாததால் கள்ளன் எல்லாக் காருக்கும் பயப்படுகிறான். ஆக, காசு கொடுத்துப் பெட்டி பூட்டினவருக்குக் கிடைக்கிற நன்மை மொத்த நன்மையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சம் எல்லாம் பெட்டி இல்லாத அயலவனுக்குப் போகிறது. வெளியே தெரியிற பூட்டு கள்ளனை அயல் வீட்டுக்கு அனுப்புது, ஒளிச்சு வச்ச பெட்டி அயல் வீட்டையும் காக்குது. வாசிச்ச நேரம் எனக்கு எங்கட சந்தி ஞாபகம் வந்தது. ஆர் பார்த்துக்கொண்டு இருக்கிறாங்க எண்டு தெரியாததாலதானே வெளியூர்க் கள்ளன் அங்க கை வைக்கப் பயந்தான்.

ஜீபீஎஸ் எண்டது அமெரிக்க இராணுவத்தின் சொத்து. பொதுமக்களுக்கு வருகிற சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். 2000 மே மாதத் தொடக்கத்தில் ஜனாதிபதி கிளின்டன் அதை நிறுத்தச் சொன்னார். நூறு மீற்றர் அளவு தடுமாறிய புள்ளி ஒரே இரவில் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அதோடு ஒரு சிம் கார்டையும் ஒரு ரிலேயையும் சேர்த்தால் ஓட்டோ காக்காவின் பெட்டி தயார். இடத்தைச் சொல்வது ஜீபீஎஸ், செய்தியைக் கொண்டுபோவது சிம், எஞ்சினுக்குப் போகிற மின்சாரத்தை வெட்டுவது ரிலே.

எங்கட நாட்டில வண்டியின் அடையாளம்

இதுவரை சொன்னது கள்ளனுக்கும் சொந்தக்காரனுக்கும் நடுவில நடந்த கதை. இலங்கையில வண்டிக்கு அடையாளம் போடுற வரலாற்றைப் பார்த்தா இன்னும் ரெண்டு பேர் உள்ளே வாறாங்க: அரசாங்கமும் ஆயுதமும்.

வாகன இலக்கத் தகடுதான் முதலாவது ட்ரக்கர். வண்டி ஆருடையது எண்டு தகட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1957 ஜனவரியில் இருந்து புது வாகனங்களின் தகட்டில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள "ஸ்ரீ" எழுத்து ஏறியது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. 1956 தேர்தலில் கல்முனையிலும் பொத்துவிலிலும் வென்ற முஸ்லிம் உறுப்பினர்கள் அந்தக் கட்சியில்தான் நின்று வென்றவர்கள் எண்டதையும் சேர்த்து வாசிக்க வேணும். 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாகி இலங்கை போக்குவரத்துச் சபை உருவானது. மார்ச்சில் ஸ்ரீ தகட்டோடு பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. வடக்கிலும் கிழக்கிலும் அந்த எழுத்தின் மேல் தார் பூசினார்கள், பதிலுக்குத் தெற்கில் தமிழ் எழுத்துகளின் மேல் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம். அந்தக் கலவரத்துக்குக் காரணங்கள் பல, ஆனால் ஒரு இலக்கத் தகடு அந்தக் கதையின் நடுவில் இருக்கிறது. அதன் பிறகும் முப்பது வருஷத்துக்குக் கிட்ட ஸ்ரீ ஓடியது. 2000இல் இருந்து வந்த தகடுகளில் ஆங்கில எழுத்துகளோடு மாகாணத்தின் குறியும் சேர்ந்தது. கிழக்கு மாகாணத்துக்கு ஈபீ எண்டு இருந்தது. அப்ப கொழும்பு ரோட்டில ஈபீ தகட்டைக் கண்டா, வண்டி ஆருடையது எண்டு தெரியாட்டியும் எந்தப் பக்கத்து வண்டி எண்டு தெரிஞ்சிடும். யுத்த காலத்துச் செக்பொயின்டில அது சின்ன விசயம் இல்லை.

யுத்தம் வாகனக் களவின் அர்த்தத்தையே மாத்திச்சு. துவக்கோட வந்து வேனையோ உழவு மெஷினையோ கேட்டா சாவியைக் குடுக்கிறதைத் தவிர வேற வழி இல்லை எண்டு பெரியவங்க சொல்லுவாங்க. அதுக்கு உலகத்தில எந்தக் கம்பனியும் இம்மொபிலைசர் செய்யல்ல. 1996 ஜனவரி 31இல் கொழும்பில மத்திய வங்கியின் மேல் மோதினது வெடிமருந்து நிரப்பின லொறி. அதுக்குப் பிறகு ரோட்டோரமா நிக்கிற ஒவ்வொரு வண்டியும் சந்தேகத்துக்குரிய பொருள். இன்னொரு பக்கம், இலக்கத் தகடே இல்லாத வெள்ளை வேன்கள் ஆட்களை ஏத்திக்கொண்டு போச்சு. சாதாரண சனத்தின் வண்டி ஒவ்வொரு செக்பொயின்டிலும் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்த அதே நாட்டில, ஆர்ர வண்டி எண்டு கேட்க ஏலாத வண்டிகளும் ஓடின.

2019 எங்கட வயசுக்காரருக்கு வரலாறு இல்லை, ஞாபகம். ஏப்ரல் 21 தாக்குதலுக்கு அடுத்த நாள், கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்துக்குப் பக்கத்தில நிப்பாட்டி இருந்த வேன் ஒண்டு, குண்டைச் செயலிழக்கச் செய்யப் போன நேரம் வெடிச்சது. அந்த வாரம் பொலிஸ் ஒரு அறிவித்தல் விட்டது. வண்டியை ரோட்டில விட்டுட்டுப் போறவங்க கண்ணாடியில தங்கட தொலைபேசி இலக்கத்தை எழுதி வைக்க வேணும். 26ஆந் திகதி இரவு சாய்ந்தமருதில வெடிச்ச சத்தம் கேட்ட பிறகு எங்கட பக்கத்தில அதை ஆரும் ரெண்டு தரம் சொல்ல வேண்டி இருக்கல்ல. எங்கட வாப்பா பிஸ்கட் பெட்டி மட்டை ஒண்டை வெட்டி, பேரையும் நம்பரையும் மார்க்கரால எழுதி வேன் கண்ணாடியில வச்சார். எழுதினதைத் தள்ளி நிண்டு பார்த்துட்டு, நம்பரை இன்னும் பெரிசா எழுதினார். கள்ளனுக்குப் பயந்து வச்ச மட்டை இல்லை அது. தன்ட வண்டி தன்னுடையது, அதுக்குள்ள ஒண்டும் இல்லை எண்டு முன்கூட்டியே சொல்ற மட்டை. என் வாழ்க்கையில நான் பார்த்த முதலாவது ட்ரக்கர் எண்டு இப்ப அதைத்தான் நினைக்கிறன்.

2022இல எரிபொருள் இல்லாமப் போன நேரம் இன்னொரு அடையாளம் வந்தது. தேசிய எரிபொருள் அனுமதி, சனம் சொல்றது கியூஆர். அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், வாகன இலக்கம், செசி நம்பர் எல்லாத்தையும் குடுத்துப் பதிய வேணும். ஆரம்பத்தில மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. கியூவில நாள்கணக்கா நிண்ட சனத்துக்கு அது பெரிய ஆறுதல், அதை மறுக்க ஏலாது. 2023 செப்டெம்பரில நிறுத்தினாங்க. எந்த ஆளின் எந்த வண்டி எந்த ஷெட்டில எத்தனை மணிக்கு நிண்டது எண்ட விபரம் அந்த ஒரு வருஷத்தில சேர்ந்திருக்கும். அது இப்ப எங்க இருக்கு எண்டு எங்கட வீட்டில ஆரும் கேட்கல்ல. நானும் கேட்கல்ல.

ஒலுவில்ல இருந்து எழுதிட்டுக் கடலைச் சொல்லாம விட ஏலாது. 2015 ஜனவரியில ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனைத் தடை செய்தது. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தல்ல எண்டு காரணம். அதுக்குப் பிறகு ஆழ்கடலுக்குப் போற பலநாள் படகுகளில செய்மதி மூலம் இடத்தைச் சொல்ற கருவி பூட்டினாங்க. 2016 ஜூனில தடை நீங்கிச்சு. படகு எல்லை தாண்டினா அந்தப் புள்ளி காட்டிக் குடுக்கும். எஞ்சின் பழுதாகி நடுக்கடலில தத்தளிச்சா அதே புள்ளி ஆளைத் தேடவும் உதவும். கருவி ஒண்டுதான், பார்க்கிற கண்ணும் பார்க்கிற நோக்கமும் வேற வேற.

லீசிங் வண்டியின் கதை

2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்க. 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையில பழைய வண்டியின் விலை ஏறின ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். வண்டி விலை ஏற ஏற, அதைப் பாதுகாக்கிற கருவியின் தேவையும் ஏறும். ஆனா எங்கட ஊர் ஓட்டோக்கள், வேன்கள் கனக்க லீசிங்கில ஓடுறவை. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்படி தவணை முடியும் வரை வண்டி கம்பனியின் சொத்து. பதிவுப் புத்தகத்திலும் முழு உரிமை கம்பனியின் பேரில்தான் இருக்கும். "இது ஆர்ர வண்டி?" எண்டு சந்தியில கேட்டா காக்காட பேரைச் சொல்லுவாங்க, புத்தகம் வேற பேரைச் சொல்லும்.

என்ட மச்சான் ஒருத்தர் இதை நேரடியாக் கண்டவர். ஓட்டோ எடுக்கும்போதே கம்பனி ட்ரக்கர் பூட்டித்தான் குடுத்தது. கள்ளன்ட பயம் இல்லை எண்டு அவருக்கும் சந்தோஷம். எரிபொருள் இல்லாத மாதங்களில தவணை ரெண்டு மூண்டு விடுபட்டுப் போச்சு. பேசிச் சமாளிப்பம் எண்டு ஓட்டோவை மாமி வீட்டு வளவில விட்டிருந்தார். விடியக் காலையில சுபஹுக்கு எழும்பிப் பார்த்தா வளவு வெறுமை. கள்ளன் எண்டு நினைச்சு பொலிஸுக்குப் போக வெளிக்கிட்ட நேரம் போன் வந்தது, வண்டியைச் சீஸ் பண்ணிட்டாங்க எண்டு. அவங்களுக்கு ஆரிடமும் வழி கேட்க வேண்டி இருக்கல்ல.

கடன் கட்டாம விடலாம் எண்டு நான் சொல்ல வரல்ல. காசு குடுத்தவனுக்கும் உரிமை இருக்கு. ஆனா முந்தி கம்பனி ஆள் வந்து வாசல்ல நிண்டா, வாப்பா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், பள்ளிவாசல் தலைவர் ஒரு பக்கம் எண்டு நாலு பேர் பேசி ஒரு கிழமை தவணை வாங்கலாம். புள்ளியோட ஆர் பேசுறது? அமெரிக்காவில இது இன்னும் ஒரு படி மேல போயிட்டுது. தவணை தவறினா தூரத்தில இருந்தே எஞ்சினை நிப்பாட்டுற கருவிகள் அங்க ஏறத்தாழ 20 இலட்சம் வண்டிகளில இருக்கு எண்டு 2014இல நியூயோர்க் டைம்ஸ் எழுதிச்சு. கள்ளனை நிப்பாட்டக் கண்டுபிடிச்ச அதே ரிலே, மாத முடிவில சொந்தக்காரனை நிப்பாட்டுது.

எங்கட நாட்டிலயும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில நிறைவேறி இருக்கு. முழுசா நடைமுறைக்கு வாறதுதான் இழுபடுது. அது வந்தா ஒரு ஓட்டோ ஓட்டுறவர் கம்பனியிடம் கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கு. என்ட வண்டி எங்க எங்க போச்சு எண்ட கணக்கை எவ்வளவு காலம் வச்சிருப்பீங்க? ஆருக்குக் குடுப்பீங்க? கடைசித் தவணை கட்டின அடுத்த நாள் அதை அழிப்பீங்களா? எந்த உரிமையோட எப்ப எஞ்சினை வெட்டுவீங்க? லீசிங் பேப்பரில கையெழுத்து வைக்க முதல் இதைக் கேட்கிற பழக்கம் எங்களுக்கு வர வேணும். அந்தப் பேப்பரை நாங்க வாசிக்கிற மொழியில கேட்கிற பழக்கமும்.

பழைய பாடம் இன்னும் பொருந்துது எண்டுதான் நினைக்கிறன். எல்லா வண்டிக்கும் ஒரே பூட்டுப் போட்ட ஜெர்மனியில களவு குறைஞ்சது, வசதி உள்ளவனுக்கு மட்டும் போட்ட இடத்தில களவு ஏழையிட்டப் போனது. கண்காணிப்பும் அப்படித்தான். தகடு இல்லாத வேன் ஒரு பக்கம் ஓட, மட்டையில நம்பர் எழுதி வச்ச வேன் இன்னொரு பக்கம் நிண்டா, அதுக்குப் பேர் பாதுகாப்பு இல்லை.

கட்டுரை எழுத முதல் திரும்பவும் அந்த ஓட்டோ காக்காவிட்டப் போனேன். இவ்வளவு கதையையும் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, தன்ட ஓட்டோவும் லீசிங்தான் எண்டார். அப்ப போனில காட்டின பச்சைப் புள்ளி அவர் தன்ட காசில பூட்டினது. கம்பனி பூட்டின பெட்டி வேற.

"அது எங்க இருக்கு?" எண்டு கேட்டேன்.

"தெரியா தம்பி. காட்ட மாட்டாங்க. இன்னும் பதினொரு தவணை இருக்கு. முடியட்டும், ஒருநாள் கராஜில விட்டு முழுசாக் கழட்டிப் பார்க்கணும்."

மழை விட்டிருந்தது. ஹயர் ஒண்டு வர, சீட்டுக்குக் கீழ கையை விட்டு வாப்பா காலத்துச் சுவிட்சைப் போட்டுட்டு, அக்கரைப்பற்றுப் பக்கம் போயிட்டார்.